பாட்டுப் போடப் போன பேச்சி

பேச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்துச் சொல்கிற கதை இல்லை இது. ஒளித்து வைத்தது பேச்சிதான். ஒன்பது வருஷமாக. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரை விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: பேச்சி ஒருத்தி, கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற தங்கப்பன் ஒருத்தன். ஞாயிற்றுக்கிழமை அவன் கடை திறக்க மாட்டான்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம். மேல்மாடியில் ஜெஸ்லின் டீச்சர் பாலே நடனம் சொல்லிக் கொடுக்கிறாள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, எதிர்ச் சுவரில் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள நீளமாக ஒரு கம்பு. கால் கட்டைவிரலை நீட்டுவார்கள், மடக்குவார்கள், குதிப்பார்கள், கொண்டையில் ஒரு முடி பிரிந்தால் டீச்சரிடம் திட்டு வாங்குவார்கள். ஹாலைப் பெருக்கித் துடைப்பது, திறந்து பூட்டுவது, பிள்ளைகளின் செருப்பை வரிசையாக வைப்பது எல்லாம் பேச்சி. அதற்குப் படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு அறை அவளுக்கு. ஒரு கட்டில் போட்டால் மிச்சம் இடத்தில் ஒரு ஆள் நிற்கலாம். ஆனாலும் கதவு உண்டு, உள்ளே தாழ்ப்பாள் உண்டு. புருஷன் இல்லாத பொம்பளைக்குத் தாழ்ப்பாளின் அருமை தெரியும்.

அந்த அறைக்காகத்தான் பொய் சொன்னாள். வேலைக்கு வந்த அன்று ஜெஸ்லின் கேட்டாள்: "வாசிக்கத் தெரியும்தானே? பேரண்ட்ஸ் லெட்டர் குடுத்து விடுவாங்க, கேட்டோ." பேச்சி கண்ணைச் சிமிட்டாமல், "எட்டாங்கிளாஸ் டீச்சரே. வள்ளியூர்ல படிச்சேன்" என்றாள். வள்ளியூரில் அவள் பள்ளிக்கூடத்தின் வாசலில் மாங்காய் விற்றிருக்கிறாள், அவ்வளவுதான். லெட்டர் வந்தால் மடியில் சொருகிக்கொண்டு கீழே இறங்குவாள். தங்கப்பன் வாசித்துச் சொல்வான். மேலே வந்து தானே வாசித்ததுபோல் ஒப்பிப்பாள்.

அவளுக்கு எழுத்து என்றால் வெறும் கூச்சம் இல்லை. பயம். அவள் புருஷன் லிங்கம் கொத்தனார். வித்துராவுக்கு மேலே ஒரு பங்களா வேலை. மாடித் தளத்துக்கு அடியில் கொடுத்திருந்த முட்டுக் கம்புகளை எடுத்தாயிற்று, தளம் இன்னும் இறுகவில்லை, யாரும் ஏறாதே என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டிவிட்டுப் போனான் மேஸ்திரி. லிங்கத்துக்கும் எழுத்து தெரியாது. அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு ஏறினான். பிறகு அவனைக் கீழே இருந்துதான் எடுத்தார்கள். "எழுதித்தான வச்சிருந்தேன்" என்று மேஸ்திரி அழுதான். எழுதி வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் படித்தவர்கள். அதற்கப்புறம், அறைகளுக்கு நம்பருக்குப் பதில் பூப்பேர் வைத்த ஒரு லாட்ஜில் படுக்கைத் துணி மாற்றும் வேலைக்குச் சேர்ந்தாள் பேச்சி. சீட்டில் எழுதிய அறையை விட்டுவிட்டு வேறு அறைக் கதவைத் திறந்து, உள்ளே இருந்தவர்கள் கத்தி, அன்றைக்கே வெளியே போகச் சொன்னார்கள். ஆக எழுத்து அவளிடமிருந்து ஒரு புருஷனையும் ஒரு வேலையையும் பிடுங்கியாயிற்று. மிச்சம் இருந்தது இந்த அறை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெஸ்லின் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"பேச்சியக்கா, நம்ம பாட்டுக்காரன் ஷிபுவுக்கு டெங்கு. ஆஸ்பத்திரில கெடக்கான். ஞாயித்துக்கெழம பரிட்சைக்கு நீங்கதான் பாட்டுப் போடணும்."

"நானா? எனக்கு என்ன தெரியும் டீச்சரே? தொடைக்கத் தெரியும், பெருக்கத் தெரியும்."

"அவன் டீ குடிக்கப் போறப்பெல்லாம் யாரு போடுறா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"அது ஒரே பாட்டு, அவன் எடுத்து வச்சுட்டுப் போவான். நான் அமுக்குவேன்."

"இதுவும் அமுக்குறதுதான். டேப்லட்ல பேரு எல்லாம் வரிசையா இருக்கு. வாசிச்சு அமுக்கணும், அத்ரதான். எட்டாங்கிளாஸ் படிச்சிருக்கீங்கல்ல?"

பேச்சி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "ஆமா" என்றாள்.

ஜெஸ்லினே போட முடியாதா என்றால், முடியாது. அந்தப் பரிட்சையின் சட்டம் அப்படி. வருஷத்துக்கு ஒரு தடவை சீமையில் இருக்கிற ஒரு சபையிலிருந்து ஒரு அம்மா வருவாள். அவள் முன்னால் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக ஆடிக் காட்ட வேண்டும். நெஞ்சிலும் முதுகிலும் நம்பர் குத்தியிருக்கும். பெயர் கிடையாது, யார் வீட்டுப் பிள்ளை என்பது கிடையாது. சொல்லிக் கொடுத்த டீச்சர் உள்ளே வரக்கூடாது. பெற்றவர்கள் வரக்கூடாது. பாட்டுப் போடுகிற ஆள் மட்டும் வரலாம், அந்த ஆளும் வாயைத் திறக்கக்கூடாது.

இது என்ன இழவு சட்டம் என்று பேச்சி ஒரு நாள் கேட்டதற்கு ஜெஸ்லின் விளக்கம் சொல்லியிருந்தாள். "முன்னாடி ஒவ்வொருத்தரும் அவங்கவங்க இஷ்டத்துக்குச் சொல்லிக் குடுத்தாங்க பேச்சியக்கா. பிள்ளைங்க முட்டி போச்சு, முதுகு போச்சு. நூறு வருஷம் முன்னாடி லண்டன்ல கொஞ்சம் பேரு உக்காந்து, எந்த வயசுக்கு எது, எந்தக் கால் முதல்ல, எத்தன எண்ணிக்கை, எல்லாத்துக்கும் ஒரு கணக்கு வச்சாங்க. இப்ப ஜப்பான்ல ஒரு பிள்ளையும் நம்ம ஆஷாவும் ஒரே பாட்டுக்கு ஒரே காலத்தான் நீட்டுவாங்க."

"அந்த ஆளுங்கள தம்பானூர் ஓட்டலுக்கும் அனுப்பிருக்கலாம்லா. ஒரு கடை சாம்பார் மாதிரி இன்னொரு கடைல இல்ல" என்றாள் பேச்சி.

அன்றைக்குச் சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை முழுக்கத் தன் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பெரிய போன் மாதிரி இருக்கிற அந்த டேப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பாட்டெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷம் துடைத்த தரையின் மேல் கேட்ட பாட்டு, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வாள். பேரும் தெரியும். அது இங்கிலீஷ்கூட இல்லையாம், பிரெஞ்சாம், உலகம் முழுக்க அதே பேர்தானாம். முட்டி மடக்கினால் பிளியே. காலை நீட்டித் தரையைத் தடவினால் தாந்து. அதையே சுண்டிவிட்டால் கிலிஸே. கடைசியில் கும்பிடு மாதிரி குனிவது ரெவெரான்ஸ். காதுக்கு எல்லாம் தெரியும், கண்ணுக்குத்தான் தெரியாது. ஆகவே வரியை எண்ணினாள். எண் தெரியும் அவளுக்கு, பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறவள்தானே. மூன்றாம் கிரேடு என்றால் முதல் வரி பிளியே, இரண்டாவது தாந்து, மூன்றாவது கிலிஸே. இப்படிப் பதினான்கு வரி. ஒவ்வொன்றையும் அமுக்கிக் கேட்டு, விரல் வைத்து எண்ணி, மறுபடி எண்ணி, சாயங்காலத்துக்குள் நான்கு கிரேடும் மனப்பாடம். ஷிபு பரிட்சை வரிசைப்படியே வைத்திருந்தது அவள் நல்லநேரம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஏழரைக்கே பெற்றவர்கள் வந்து மாடிப்படி முழுக்க உட்கார்ந்துவிட்டார்கள். வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து ஆஷாவின் அம்மா விஜயலக்ஷ்மி, மகளின் கொண்டையில் பதினெட்டாவது ஊசியைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"ஏன்டீ பேச்சி, நீயா பாட்டுப் போடப்போறே? அந்த ஷிபு எங்கே?"

"காய்ச்சலு அம்மா."

"பாத்துப் போடுடீம்மா. கொழந்தை மூணு மாசமா சரியாச் சாப்பிடலை. தூக்கத்துல காலை நீட்டி அவ அப்பாவை ஒதைக்கறா. இதுல மட்டும் ஏதாவது ஆச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"இப்ப மட்டும் இருக்கியளாக்கும்" என்று பேச்சி வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். வெளியே சொல்லத் தைரியம் இல்லை.

பரிட்சைக்காரம்மா வந்தாள். வெள்ளைக்காரி, நல்ல உயரம், நரைத்த கொண்டை, சிரித்தால்கூட முதுகு வளையாத அம்மா. கண்ணாடிப் பக்கம் மேசை போட்டிருந்தது. மேசையில் தண்ணீர், பென்சில், தாள், சின்னதாக ஒரு பித்தளை மணி. பேச்சிக்கு மூலையில் ஸ்டூல். கதவை ஜெஸ்லின் வெளியிலிருந்து சாத்தினாள்.

மணி அடித்தது. முதல் கிரேடுப் பிள்ளைகள் வந்தார்கள். அந்த அம்மா இங்கிலீஷில் ஏதோ சொன்னாள், நடுவில் "பிளியே" என்றாள். பேச்சி முதல் வரியை அமுக்கினாள். சரியான பாட்டு. அடுத்தது, அடுத்தது. ஒவ்வொரு தடவையும் பாட்டின் முதல் சத்தம் வருகிற வரை அவள் மூச்சு விடவில்லை. முதல் கிரேடு முடிந்தது. இரண்டாம் கிரேடு முடிந்தது. ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

மூன்றாம் கிரேடுக்கு மணி அடித்தபோது ஆஷாவும் பிஜியும் வந்தார்கள். ஆஷா ஏழாம் நம்பர், பிஜி எட்டாம் நம்பர். பிஜி விழிஞ்ஞம் பக்கத்துப் பிள்ளை, கொஞ்சம் வாயாடி, இன்றைக்கு உதடு வெளுத்திருந்தது. பிளியே நன்றாகப் போனது. தாந்து நன்றாகப் போனது. பிள்ளைகள் கம்பைப் பிடித்துத் திரும்பி நின்றார்கள். பேச்சி விரலைச் சேலையில் துடைத்துக்கொள்ள மறந்துபோனாள். வேர்த்த விரல் வழுக்கி, பட்டியலுக்கு மேலே தலைப்பாக எழுதியிருந்த இடத்தில் பட்டது.

வரிகள் குதித்தன.

கண் முன்னாலேயே மேலே இருந்தது கீழே போய், கீழே இருந்தது மேலே வந்து, எல்லாம் ஒரு நொடியில் வேறு வரிசையில் உட்கார்ந்தது. முதல் வரி குட்டையாக இருக்கும், அதை அவள் அடையாளம் வைத்திருந்தாள். இப்போது முதல் வரி ரயில்பெட்டி மாதிரி நீண்டுகிடந்தது.

"கிலிஸே, பிளீஸ்" என்றாள் பரிட்சைக்காரம்மா.

பேச்சி மூன்றாவது வரியை அமுக்கினாள். வேறென்ன செய்வாள்? கிளம்பியது பாவாடை நடனத்தின் பாட்டு, குதிகாலைத் தரையில் தட்டி ஆடுவது. பிஜியின் கை பழக்கத்தில் இடுப்புக்குப் போய்விட்டது. ஆஷா அசையாமல் நின்றாள், கண் மட்டும் பேச்சி பக்கம் திரும்பியது. பேச்சி நிறுத்தினாள். நாலாவது வரியைத் தொட்டாள். ரெவெரான்ஸ். எல்லாம் முடிந்து வணங்கிவிட்டுப் போகிற பாட்டு. இரண்டு பிள்ளைகளும் வெலவெலத்துப் போனார்கள். பரிட்சை அவ்வளவுதானா? போகச் சொல்கிறார்களா? ஆஷாவின் முட்டி பாதி மடங்கி அப்படியே நின்றது.

நிறுத்தினாள். அதற்கப்புறம் விரல் எந்த வரிக்கும் போகவில்லை.

கீழே பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் "கொட்டாரக்கரை, கொட்டாரக்கரை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த பஸ்ஸில் ஏறி எங்கேயாவது போய்விடலாமா என்று நினைத்தாள் பேச்சி. கதவுக்கு வெளியே ஜெஸ்லின் காதை வைத்துக்கொண்டு நிற்பாள், இந்த மௌனத்தை எண்ணிக்கொண்டிருப்பாள் என்று தெரியும். பதினான்கு வரியும் டேப்பிலிருந்து அவளைப் பார்த்தன. வித்துராவில் தொங்கின அட்டையிலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

பரிட்சைக்காரம்மா பென்சிலைக் கீழே வைத்தாள். ஏதோ கேட்டாள். "பிராப்ளம்" என்ற ஒரு சொல்தான் பேச்சிக்குப் புரிந்தது.

வாயைத் திறக்கக்கூடாது என்பது சட்டம். பேச்சி எழுந்து நின்றாள். "எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா" என்றாள். "எழுத்தே தெரியாது. வரிய எண்ணித்தான் போட்டேன், இப்ப வரி மாறிப்போச்சு. புள்ளைய மேல தப்பு இல்ல. மார்க்கக் கொறச்சிராதிய." அந்த அம்மா புரியாமல் பார்த்தாள். பேச்சி அதையே மலையாளத்திலும் சொன்னாள், ஏதோ மலையாளம் என்றால் வெள்ளைக்காரிக்குப் புரிந்துவிடும்போல. ஒன்பது வருஷமாகத் தங்கப்பனைத் தவிர யாரிடமும் சொல்லாததை, இரண்டு பாஷையும் தெரியாத ஒருத்தியிடம் இரண்டு பாஷையிலும் சொன்னாள். புரிந்தது ஆஷாவுக்கும் பிஜிக்கும்தான். அவர்கள் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் அப்படிப் பழக்கியிருந்தாள்.

அந்த அம்மா எழுந்து வந்தாள். வெளியே போ என்று கையைக் காட்டப்போகிறாள் என்று நினைத்தாள் பேச்சி. நினைத்த பயத்தில் வாயிலிருந்து பாட்டு வந்துவிட்டது. மூன்றாம் கிரேடு கிலிஸே, முதலில் நாலு தட்டு, அப்புறம் சுண்டுகிற மாதிரி வருகிற மெட்டு. "தன் தன் தன் தன், தனனன் தன்னா." கரகரத்த தொண்டை. இதுதானேம்மா வேணும் என்று கையால் டேப்பைக் காட்டினாள்.

பரிட்சைக்காரம்மா நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் எத்தனை ஊரில், எத்தனை ஹாலில், எத்தனை பிள்ளைகளுக்கு இதே மெட்டைக் கேட்டிருப்பாளோ. மெதுவாகத் தலையாட்டினாள். டேப்பை எட்டிப் பார்த்து, ஒரு வரியின் பக்கத்தில் விரலை வைத்தாள். தொடவில்லை, பக்கத்தில் வைத்தாள். ஆறாவது வரி. பேச்சி அமுக்கினாள். நாலு தட்டு வந்தது.

பிறகு அந்த அம்மா பாட்டை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். டேப்பைத் தானே எடுத்துப்போய்த் தன் மேசையில் வைத்தாள். பேச்சியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தாள். பிள்ளைகளைப் பார்த்து ஏதோ மெல்லச் சொன்னாள். அவர்கள் மூச்சை இழுத்து மறுபடி கம்பைப் பிடித்தார்கள்.

அதற்கப்புறம் அப்படியே போனது. அந்த அம்மா பேரைச் சொல்வாள், பேச்சி வாய்க்குள் இரண்டு அடி முனகுவாள், விரல் வரியின் பக்கத்தில் வந்து நிற்கும், பேச்சி அமுக்குவாள். மார்க் எழுதுகிற தாள் அவள் கண்ணுக்கு நேரே விரிந்துகிடந்தது. யாரும் பார்க்கக்கூடாத தாள். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க அவளைவிடத் தோதான ஆள் உலகத்தில் கிடைக்க மாட்டாள். ஆனால் பேச்சி அதையும் பார்க்கவில்லை, பிள்ளைகளின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு நிறைகிற நேரத்தில் அமுக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வேலை.

மூன்றாம் கிரேடு முடிந்து கதவு திறந்ததும் ஆஷா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வாயைத் திறக்கக்கூடாது என்ற சட்டம் உள்ளே மட்டும்தானே.

"அம்மா, பேச்சியக்காவுக்குப் படிக்கவே தெரியாதாம்! தப்புத் தப்பாப் போட்டுட்டா!"

மாடிப்படியில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது.

"என்னடீ சொல்றே? ராமா, எழுத்துத் தெரியாதவளையா, டீச்சர், உள்ளே அனுப்பிச்சேள்? எங்க கொழந்தைக்குத் திரும்பப் பரிட்சை வைக்கச் சொல்லுங்கோ!"

"திரும்ப வைக்க வேண்டாம்மா, நல்லாத்தான் ஆடிச்சு" என்று பிஜி இடையில் விழுந்தாள். "ஆஷாதான் ரெவெரான்ஸுக்குக் குனியப் பாத்தா."

"நீ பாவாடைல கை வெக்கப் பாத்தே!"

பரிட்சைக்காரம்மா வாசலுக்கு வந்து ஜெஸ்லினிடம் இங்கிலீஷில் ஐந்தாறு வாக்கியம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஜெஸ்லின் முகம் சிவந்துவிட்டது. பேச்சியின் கையைப் பிடித்து உடுப்பு மாற்றுகிற அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஒம்பது வருஷம்" என்றாள். "ஒம்பது வருஷமா என்ன ஏமாத்திருக்கீங்க."

"ஆமா டீச்சரே."

"லெட்டர் எல்லாம்?"

"தங்கப்பன் வாசிப்பான்."

"எந்தா இது பேச்சியக்கா! ஒரு வார்த்த வெள்ளிக்கெழம சொல்லியிருந்தா நான் வேற வழி பாத்திருப்பேன்ல? அந்தப் பிள்ளைங்க ஒரு வருஷம் ஒழச்சிருக்குது. உள்ள என்ன ஆச்சோன்னு நான் கதவுக்கு வெளிய செத்துட்டேன்."

"சொன்னா ரூமு போயிரும்னு பயந்தேன்." பேச்சி அழவில்லை. அழுகிற ஜாதி இல்லை அவள். "எப்ப காலி பண்ணணும் டீச்சரே? இன்னைக்கேன்னா சாயங்காலம் வர டைம் குடுங்க. போறதுக்கு எடம் பாக்கணும்."

ஜெஸ்லினுக்குக் கோபம் இறங்கவில்லை, முகத்தில் அப்படியே இருந்தது.

"ரூம யாரு கேட்டா? எனக்குக் கோவம் இருக்கு. நல்லா இருக்கு. நாளைக்கு உக்கார வச்சுக் கத்தத்தான் போறேன், நீங்க கேட்டுத்தான் ஆகணும். ரூமு என்ன செஞ்சுது அதுக்கு? அது உங்க ரூமு."

பேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம் என்ன சொன்னாங்க? புள்ளைய மார்க்கு?"

"கொறைக்க மாட்டாங்களாம். பாட்டு மாறினது பிள்ளைங்க குத்தம் இல்லையாம். ஆனா நடந்தத ரிப்போர்ட்ல எழுதி லண்டனுக்கு அனுப்பணுமாம், அது சட்டம்."

"எனக்கு எழுத்து தெரியாதுன்னா? லண்டனுக்கா?"

"அதே. போகட்டும், அங்க யாரு உங்களக் கல்யாணம் பண்ணப் போறா. வரிசைய நான் சரியாக்கித் தரட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டாங்க. டேப் அவங்க மேசைலயே இருக்கட்டுமாம், நீங்களும் பக்கத்துலயே நிக்கணுமாம். மூஞ்சி கழுவிட்டு வாங்க. நாலாம் கிரேடு நிக்குது."

குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள் பேச்சி. மாடிப்படியில் விஜயலக்ஷ்மி யாரிடமோ கதை சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது, சாயங்காலத்துக்குள் வலியசாலை முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும். உள்ளே பித்தளை மணி அடித்தது. ஒன்பதாம் நம்பரும் பத்தாம் நம்பரும் கதவுக்குள் போனார்கள், அவர்களுக்குப் பின்னால் விரலைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டே பேச்சி போனாள்.